கத்திரி படாத முடி

தருமபுரிப் பக்கம் வெளியிலிருந்து வந்து போனவர்கள் எழுதிவைத்தவற்றைத் தேடிப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். பட்டாளத்தோடு வந்தவர்கள், வரி போட வந்தவர்கள், வேதம் சொல்ல வந்தவர்கள், சும்மா ஊர் பார்க்க வந்தவர்கள் என்று பலர். எல்லோரும் மலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், புளியமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், காய்ச்சலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யார் வாசலில் போய் இறங்கினார்களோ, அந்த வீட்டுக்காரர்கள் எழுதியதாக ஒரு வரிகூட என் கைக்குக் கிடைத்ததில்லை. அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு இங்குள்ள குழந்தைகள் ஹோம் மறுபடி திறந்த இரண்டாவது மார்கழியில் தொடங்கி அடுத்த ஆனியில் முடிந்த விஷயம் இது. முடிந்தது என்று சொல்லலாமா என்பது தெரியவில்லை.

எனக்குத் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் பெயிண்ட் கடை. நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம் கேழ்வரகுக் காடுகளுக்கு நடுவே இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்குச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் என் கடையிலிருந்துதான் போகும். இல்லம் என்று அதை யாரும் சொல்வதில்லை, ஹோம் என்பார்கள். அங்கிருக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்குப் பனியன் வேலைக்கோ போனவர்கள், பிள்ளையாவது ஒரு இடத்தில் இருந்து படிக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் வெளிநாட்டு இளைஞர்கள் வர ஆரம்பிப்பார்கள். மாசி வெயில் உறைத்ததும் வரத்து நின்றுவிடும். இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்கள், நடுவில் இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஹோமில் பிள்ளைகளோடு இருந்து உதவிசெய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். ஹோமுக்குள் தங்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. நல்லம்பள்ளியில் ஒரு வீட்டு மாடியில் தங்கி, காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவார்கள். எனக்கு ஓரளவு ஆங்கிலம் பேச வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டனம்மா என்னைக் கூப்பிடுவார். பிள்ளைகள் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளுக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை.

என் மனைவிக்கு இதில் குறைதான். "சீசனுக்கு வர்ற பறவைங்கதான் உங்களுக்குச் சொந்தக்காரங்க. நாமக்கல்லுல இருந்து என் தம்பி வந்தா மட்டும் கடையில சரக்கு எறங்குதுன்னு ஓடிடுவீங்க" என்பாள்.

அந்த மார்கழியில் வந்தது டென்மார்க்கிலிருந்து ஒரு பெண். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, வேலையில் சேருவதற்கு முன் ஊர் சுற்றக் கிளம்பியவள். நான் பார்த்த வெளிநாட்டவர்களில் அவளைக் குறை சொல்ல மனம் வராது. முதல் நாளே பிள்ளைகளோடு உட்கார்ந்து களியைக் கையால் உருட்டிச் சாப்பிட்டாள். கக்கூஸ் கழுவினாள். போட்டோ எடுக்குமுன் வார்டனம்மாவிடம் கேட்டாள். முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஹோமில் பெரிய போட்டி நடக்கும்.

ஹோமில் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெண்குழந்தையின் தலையோ இதற்கு நேர் எதிர். அவள் வத்தல்மலைக்காரி. தகப்பன் மஞ்சள்காமாலையில் இறந்துபோக, தாய் பெங்களூரில் சித்தாளாக இருந்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையின் தலையில் கத்திரி பட்டதில்லை. முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. பாதி முடி, பாதி சடை. சீப்பு இறங்காது. ஹோமில் பேன் மருந்து போடும்போதெல்லாம் மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போய்விடும், இவளுக்குப் போகாது. இவளிடமிருந்து மறுபடி எல்லோருக்கும் ஏறும். அதனால் பிள்ளைகள் இவள் பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பெரிய பெண்கள் அவளை "பேன் பண்ணை" என்று கூப்பிடுவார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. "வா, உனக்கும் ரெண்டு குஞ்சு தர்றேன்" என்று தலையை ஆட்டிக்கொண்டு துரத்துவாள்.

முடி அப்படியே இருந்ததற்குக் காரணம் உண்டு. முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் இறக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான் இது, பெரும்பாலும் ஒரு வயதிலோ மூன்று வயதிலோ முடிந்துவிடும். இந்தக் குழந்தைக்கு முடியவில்லை. தாய் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் அண்ணன் பேச்சை நிறுத்தியிருந்தான். தங்கை புருஷன் சாவுக்குக்கூட மலையிலேயே இருந்த அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. மாமன் மடி இல்லாமல் முடி இறக்க முடியாது. முடி வளர்ந்துகொண்டே போயிற்று.

அந்தக் கார்த்திகையில்தான் அண்ணன் மனம் இளகியதாகச் செய்தி வந்தது. தை மாதம் பொங்கல் கழித்து வரும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா, மடியில் உட்காரவைக்கிறேன், முடி இறக்கின கையோடு பிள்ளையோடு வீட்டுக்கே வந்துவிடு, காப்பித் தோட்டத்தில் ஆள் வேண்டும், பிள்ளை மலைப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். தாய் வார்டனம்மாவுக்குப் போன் செய்து இதைச் சொல்லி அழுதாளாம். அதுவரைக்கும் தலையில் யாரும் கை வைத்துவிட வேண்டாம் என்றும் சொன்னாளாம். எனக்கு இதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்கள் முஸ்லிம் வீடுகளில் பிறந்த ஏழாம் நாளே தலையை மழித்துவிடுவோம். ஒரு முடிக்காக ஒரு குடும்பம் எட்டு வருஷம் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மார்கழி மூன்றாவது வாரம், புதன்கிழமை. அன்று வார்டனம்மா கலெக்டர் ஆபீஸில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். சமையல்காரம்மா மட்டும் இருந்தார். டென்மார்க் பெண் தருமபுரியில் வாங்கிய பேன் சீப்பு, மருந்து, துண்டுகளோடு வந்து, பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காரவைத்திருக்கிறாள். பாட்டுப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்திருக்கிறாள். மலைக்காரக் குழந்தையின் முறை வந்தபோது சீப்பு உடைந்திருக்கிறது. குழந்தை தானே எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்து, அவள் தலையைத் தொட்டு, பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டியிருக்கிறது. உன்னை மாதிரி.

வெட்டிய முடியை அந்தப் பெண் எறியவில்லை. சடை விழாத நல்ல முடியைப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு, கழுவிக் காயவைத்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். அவள் ஊரில் புற்றுநோய் வந்து முடி கொட்டிய குழந்தைகளுக்கு டோப்பா செய்ய முடி தானம் வாங்குவார்களாம். ஏழைக் குழந்தை ஒன்று நோயாளிக் குழந்தைக்குக் கொடுக்கும் தானம் என்று அதை நினைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டிருந்தாள். கேரளத்து வர்கலாவில் கடல் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். குழந்தை கழுத்துக்கு மேலே முடி நிற்க, நெற்றியில் பட்டாம்பூச்சி கிளிப் மாட்டிக்கொண்டு ஓடிவந்தது. "பாய், என் பாய நடுவுல போட்டுட்டாங்க!" என்றது. தலை லேசாகிவிட்டதைக் காட்ட அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றியது. அந்தச் சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்து நிற்கிறது.

வார்டனம்மா ஆபீஸ் அறையில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாய், அந்தம்மா வந்தா நான் என்னா பதில் சொல்றது? நான் ஒரு நாள் இல்ல. ஒரே நாள். அந்தப் பொண்ணு கெட்டவளா இருந்தாலும் திட்டித் தீத்துக்கலாம், அதுவும் இல்ல."

"அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே யாராவது சொன்னீங்களா?"

"வர்றவங்ககிட்ட எதையெதைத்தான் சொல்லுவேன்? இந்தப் புள்ளைக்கு முட்டை ஆவாது, அந்தப் புள்ள கெணத்துப் பக்கம் போவக் கூடாது. அவங்க பேரு நாக்குல பழகறதுக்குள்ள கெளம்பிடறாங்க."

அன்றே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அலைச் சத்தம் கேட்டது. நடந்ததை முழுவதும் சொன்னேன். பிறகு அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. குழந்தைதானே கேட்டது, குழந்தை கேட்டால் செய்யக்கூடாதா என்றாள். முடியைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். மறுநாளே முடியைக் கூரியரில் என் கடை விலாசத்துக்கு அனுப்பிவிட்டாள். கூடவே மன்னிப்புக் கேட்டு ஒரு துண்டுக் காகிதமும், குழந்தைக்கு ஒரு சங்கும்.

என் மனைவி உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "பேனு எல்லாம் கேரளா பாத்துட்டு வந்திருக்கு. நம்ம இன்னும் போவல" என்றாள். சிரித்தோம். சிரித்து முடித்ததும் அதை அவளே ஒரு சுத்தமான துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள்.

தாய் பொங்கலுக்கு வந்தாள். ஹோமுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். பக்கத்தில் குழந்தை, குளிருக்குப் போடும் குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தது. அந்தம்மாவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். சின்ன வயசுதான். சிமெண்டு பிடித்து வெடித்த கைகள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"முடி ஒங்ககிட்ட இருக்குதுன்னு வார்டனம்மா சொன்னாங்க பாய்."

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு துணியைப் பிரிக்காமலே தடவிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம மலைக்குப் போவணும். நீங்க கூட வர்றீங்களா? நான் சொன்னா எங்கண்ணன் நம்பமாட்டான். நானே வெட்டிட்டு வெள்ளக்காரி மேல பழி போடறேன்னுவான். நீங்க பெரியவங்க, பாத்தவங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும்."

"நான் வெட்டும்போது பாக்கலம்மா."

"அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்க இல்ல? அது போதும்."

குழந்தை குல்லாய்க்குள்ளிருந்து சொன்னது: "நான்தாம்மா வெட்டச் சொன்னேன்."

"வாய மூடு. இத அங்க வந்து சொல்லிடாத."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மூவரும் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கியிருந்தது. குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் மேலயா?" என்று கேட்டது. மாமன் வீட்டில் நாய் இருக்கிறதா, மாமனுக்கு மீசை இருக்கிறதா, மடியில் உட்கார்ந்தால் தூங்கலாமா என்றும் கேட்டது. தாய் எல்லாவற்றுக்கும் "இருக்குது, இருக்குது" என்றாள். மலைக்குப் பஸ் விட்ட நாளிலிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் பாதை நீளமாகத் தெரிந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் காப்பிக் கொட்டை காயப்போட்டிருந்தார்கள். அண்ணன் கட்டையான ஆள், மீசை இருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிலை இழுத்துப் போட்டான். "வாங்க பாய், உக்காருங்க. பாய்க்குக் காப்பி குடும்மே" என்று உள்ளே குரல் கொடுத்தான். தங்கையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. வெகுநாள் கழித்துப் பார்க்கிறவர்கள் என்பது தெரிந்தது. இரண்டு பேருமே ஒருவர் காலைத்தான் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அவன் குனிந்து குழந்தையிடம், "என்னா மருமகளே, தலைய மூடிக்கினு வந்திருக்கீங்க? குளுருதா?" என்றான். நல்ல குரல். அன்போடுதான் கேட்டான். அதை நான் கவனித்தேன்.

குழந்தை குல்லாயைக் கழற்றிவிட்டது.

அவன் கொஞ்சநேரம் பார்த்தான். "யாரு வெட்டுனது?"

தாய் என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஹோம், பேன், வார்டனம்மா இல்லாத நாள், தெரியாமல் செய்த பெண், அவள் போனில் வருத்தப்பட்டது எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையே கத்திரிக்கோல் எடுத்துக் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப மொத முடிய எடுத்தவ கண்காணாத தேசத்துக்காரி."

"தெரியாம செஞ்சதுங்க."

"தெரிஞ்சோ தெரியாமலோ, கத்திரி பட்டுப்போச்சு இல்ல? அவளையே கூட்டியாந்து மடியில உக்காத்திக்கச் சொல்லுங்க. அவதான் இனிமே தாய்மாமன்."

தாய் துணியைப் பிரித்து முடியை அவன் முன்னால் நீட்டினாள். "அண்ணா, முடி எங்கயும் போவல. இதோ இருக்குது. இத சாமி காலடியில வெச்சிட்டு, மிச்சம் இருக்கற முடிய நீ மடியில வெச்சி எறக்கு. பூசாரிகிட்டக் கேளு, அவரே ஒத்துக்குவாரு."

"மீந்ததைக் கொண்டாந்து படைக்கறியா?"

"மீந்ததா? எட்டு வருசம் எம்புள்ள செமந்தது."

அவன் முடியைத் தொடவில்லை. அப்போதுதான் அவன் மனைவி காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நாத்தனாரை "வா" என்று கேட்கவில்லை. உள்ளே கதவோரம் போய் நின்றுகொண்டாள். பேச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்கிற நிற்பு. அண்ணன் ஒருமுறை அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "வளரட்டும் புள்ள. பழையபடி இடுப்பு வரைக்கும் வளரட்டும். அன்னிக்கி வா, மடியில உக்காத்திக்கறேன். நான் மாட்டேன்னு சொல்லல."

இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். முடி வெட்டியிராவிட்டால் அவன் அன்றைக்குக் கோயிலுக்கு வந்திருப்பானா? குழந்தையிடம் பேசிய குரலை நினைத்தால் வந்திருப்பான் என்று தோன்றுகிறது. கதவைத் திரும்பிப் பார்த்ததை நினைத்தால் வேறு ஏதாவது காரணம் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது. மறுக்க ஒரு காரணத்தை மூன்று வாரம் தங்க வந்த ஒரு பெண் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உண்மை எது என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

காப்பியை முழுதும் குடிக்காமல் எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. தாய் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஒரு மரத்தடியில் கல்லும் சூலங்களும். முடிமூட்டையைச் சூலத்தடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். நான் தள்ளி நின்றேன்.

குழந்தை கேட்டது: "இங்க எதுக்கும்மா வெக்கற? அந்த அக்காகிட்டயே குடுத்துடலாமே. அவங்க ஊருப் புள்ளைங்களுக்கு மொட்டத் தலையாம். வேணுமாம்."

தாய் அவள் தலையில் கையை வைத்து, கழுத்தோரம் நின்ற முடியை விரலால் அளப்பதுபோல் இழுத்துப் பார்த்தாள்.

கீழே இறங்கும்போது பாதி வழியில் அவள் சொன்னாள்: "பெங்களூருக்கே கூட்டிட்டுப் போயிடறேன் பாய்."

ஹோமில் அன்று சாயங்காலம் நடந்த பேச்சை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வார்டனம்மா முதலில் கெஞ்சினார். பிறகு கோபப்பட்டார்.

"பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்குது. படிப்புல கெட்டிக்காரப் புள்ள. அங்க கொண்டுபோயி எங்க வெச்சிக்குவ? தகர ஷெட்டுல. நீ மேல ஏறிப்போனா கீழ யாரு பாத்துக்குவாங்க? லாரி வருது, ஆளுங்க வர்றாங்க, பாம்பு வருது. பொம்பளப் புள்ளம்மா."

"தெரியுதுங்க."

"தெரிஞ்சுமா? இங்க முட்ட, பாலு, படிப்பு. ஒரு நாளு நான் இல்லாம போன தப்புக்குப் புள்ளைய தண்டிக்காதே. என்னைத் திட்டு."

"உங்களை ஏன் திட்டறேன்? வளக்கறதுக்குத்தான் வுட்டேன், வாடகைக்கு வுடல. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி நான் வர்றேன். நான் வர்றப்பல்லாம் எம்புள்ள வேற வேற அக்கா பேரச் சொல்லுது. ஒருத்தி தூக்கிக் கொஞ்சினா, போயிட்டா. ஒருத்தி பாட்டுச் சொல்லிக் குடுத்தா, போயிட்டா. எங்கிட்ட அந்தப் பாட்டப் பாடிக் காட்டுது, எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப ஒருத்தி முடிய வெட்டிட்டா. அடுத்து வர்றவ என்னா செய்வா?"

வார்டனம்மா என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க பாய்."

பரீட்சைவரைக்குமாவது விட்டுவைக்கும்படி கேட்டேன். பரீட்சை முடிந்ததும் நானே பெங்களூருக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். தாய் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "நீங்க சொல்றது நல்லதுக்குதான். ஆனா அவ இன்னிக்கி மாமன் மடிக்குப் போறோம்னு வந்தா. இன்னிக்கி ராத்திரி அவள இங்க வுட்டுட்டு என்னால போவ முடியாது."

குழந்தையைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பாயை இனி யார் எடுத்துக்கொள்வது என்று அங்கேயே தகராறு. "எம்பாய யாரும் தொடாதீங்கடி. நான் வந்துடுவேன்" என்று மிரட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். இதற்குமுன் ஒவ்வொரு வெளிநாட்டு அக்கா புறப்படும்போதும் வாசலில் நின்று அழுத பிள்ளைகள், அன்றைக்கு அழவில்லை. ஒருத்தியை அவள் அம்மாவே வந்து கூட்டிப்போவதை அவர்கள் வேறுமாதிரி பார்த்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு, பஸ் மறையும்வரை சத்தமில்லாமல் நின்றார்கள்.

டென்மார்க் பெண்ணுக்கு நடந்ததை எழுதியனுப்பினேன். திரும்பத் திரும்பப் பதில் வந்தது. தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். மாமனிடம் தானே வந்து பேசட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அடுத்த மார்கழியில் மூன்று மாதம் முழுசாக வந்து தங்குவதாகவும், இந்த முறை தமிழ் கற்றுக்கொண்டு வருவதாகவும் எழுதினாள். அதை வார்டனம்மாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "வரட்டும் பாய். வேண்டாம்னா இங்க வேற யாரு வர்றாங்க, சொல்லுங்க" என்றார். உள்ளூரிலிருந்து யார் வருகிறார்கள் என்று நானும் யோசித்தேன். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து ஒரு மணி நேரத்தில் திரும்புகிறவர்களைத் தவிர எனக்கும் யார் நினைவும் வரவில்லை. பெருநாளுக்கு நானும் அப்படிப் போய்வருகிறவன்தான்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த வாரம் வார்டனம்மா போன் செய்தார். அந்தக் குழந்தையின் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, அந்தம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கடையிலிருந்தே தாயின் நம்பருக்கு அடித்தேன். குழந்தைதான் எடுத்தாள்.

"யாரு?"

"பெயிண்ட்டுக் கட பாய் பேசறம்மா."

"பாய்!" என்று கத்தினாள். "அம்மா மேல இருக்குது. நாலாவது மாடி. சாயங்காலம்தான் எறங்கும்."

"முடி வளந்துதா?"

"தோளத் தொடுது."

"ஸ்கூல்ல சேந்துட்டியா?"

"சேத்துவுடறேன்னுச்சு. இங்க கன்னடம்தானாம். எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் வரும். பன்னி, ஊட்டா ஆய்த்தா. வாங்க, சாப்ட்டீங்களான்னு அர்த்தம்."

"பகல்ல என்ன பண்ற?"

"பாப்பாவப் பாத்துக்கறேன். எங்க பாப்பா இல்ல, பக்கத்து ஷெட்டு ஒடிசாக்காரங்களுது. ரெண்டு இருக்குது. அவங்கம்மாவும் மேல போயிடுவாங்க."

"அதுங்க பேசறது உனக்குப் புரியுதா?"

"புரியாது. அழுதா தூக்கிக்கணும். பசிச்சா பன்னு பிச்சிக் குடுக்கணும். அவ்ளோதான்."

வார்டனம்மா இடம் வைத்திருப்பதைச் சொன்னேன். பாய்கூட அப்படியே இருப்பதாகச் சொன்னேன். அது எனக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னேன். வருகிறாயா என்று கேட்டேன். பின்னால் கலவை மிஷின் சுற்றும் சத்தம் கேட்டது.

"நான் வந்துட்டா இதுங்கள யாரு பாத்துக்குவாங்க பாய்?" என்றாள். பிறகு, "இருங்க, சின்னது மணலத் திங்குது" என்று போனை எங்கேயோ கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

அவள் திரும்பி எடுக்கவில்லை. இணைப்பும் அறுந்துவிடவில்லை. தமிழில் அதட்டுவதும், ஒரு குழந்தை வீறிடுவதும், அதை அவள் சமாதானம் செய்வதும் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைக்கு வந்த ஆள் வெள்ளை டிஸ்டெம்பர் கேட்டுக்கொண்டு நின்றார். அவரைக் கையால் நிறுத்திவிட்டு நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.